நாலு லட்சம் வேண்டாம் என்றவர்

பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு ஒட்டன்சத்திரம் தாண்டியதும் ஓர் அன்னசாலை உண்டு. அதை நடத்தி வந்தவர் திலகவதி. வயது நாற்பத்திரண்டு. மதுரையில் செவிலியாக வேலை பார்த்தவர். ஒரு தைப்பூசத்துக்கு நடந்து வந்தபோது, காலெல்லாம் கொப்புளமாகிச் சாலையோரம் கிடந்த ஒருவருக்குக் கட்டுப் போட அந்த இடத்தில் நின்றார். நின்றவர் திரும்பிப் போகவே இல்லை.

எல்லாரும் அவரை அம்மா என்றார்கள். அவரைவிடப் பதினான்கு வயது மூத்த மருதாசலமும் அம்மா என்றுதான் கூப்பிட்டார். அம்மாவோ அவரை அண்ணே என்றார். கேட்பவர்களுக்கு விநோதமாக இருக்கும். அவர்கள் இருவருக்கும் அது பழகிவிட்டது.

மருதாசலம் கரூரில் செல்போன் கடை வைத்திருந்தவர். ஒரு காலத்தில் அவர் பையில் ஏழு கடன் அட்டைகள் இருந்தன. ஒன்றில் எடுத்து இன்னொன்றில் கட்டுவார். மாதம் பிறந்தால் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு மூச்சு விடுவார். வங்கி வரம்பை உயர்த்தித் தரும்போதெல்லாம் வீட்டுக்கு அரை கிலோ மைசூர்பா வாங்கிப் போவார். "நம்ம மதிப்பு கூடிருச்சு, கோமதி" என்று மனைவியிடம் சொல்வார். ஆறாம் வருடம் கடை போனது. ஏழாம் வருடம் வீடு போனது. மகள் கல்யாணத்துக்கு என்று சேர்த்த நகையும் அதோடு போனது. மகள் இலக்கியா தானே வேலை தேடி, தானே ஒருவனைக் கட்டிக்கொண்டு ஈரோட்டுக்குப் போனாள். தாய் கோமதியையும் கூட்டிப் போனாள். அப்பாவோடு பேச்சை நிறுத்தினாள்.

அந்த வருடம் தைப்பூசத்துக்கு நடந்து வந்த மருதாசலம் அன்னசாலையில் சாப்பிட்டார். தன் இலையை எடுத்தார். பக்கத்து இலையையும் எடுத்தார். பிறகு அந்தப் பந்தி முழுவதும் எடுத்தார். இரண்டு வருடம் அந்த வேலைதான் பார்த்தார்.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் ஒரு வங்கி அன்னசாலைக்குக் கடன் அட்டை தந்தது. வரம்பு ஐம்பதாயிரம். அன்னசாலையின் பெயரோடு, அட்டையைக் கையாளுகிற ஒருவர் பெயரும் வேண்டும் என்றார்கள்.

அறங்காவலர் ஆறுச்சாமி மரம் அறுக்கும் ஆலை வைத்திருப்பவர். "யார் பேருங்கம்மா போடறது?" என்று கேட்டார்.

"மருதாசலம் அண்ணன் பேர்."

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மருதாசலம் எழுந்து வந்தார். கையில் சாம்பல் இருந்தது.

"வேண்டாமுங்க அம்மா. நான் இதுல அழிஞ்சவன்."

"தெரியும்."

"ஆறுச்சாமி ஐயாகிட்டக் குடுங்க. பெரிய மனுசர். கணக்கு வழக்குத் தெரிஞ்சவர்."

"தெரிஞ்சவர்தான். ஆனா அவருக்குப் பயம் கிடையாது."

ஆறுச்சாமிக்கு அது பாராட்டா இல்லையா என்று விளங்கவில்லை. மருதாசலத்துக்கும் விளங்கவில்லை. அம்மா அட்டையை அவர் சட்டைப் பையில் போட்டார்.

"இதுல உப்பு மட்டும் வாங்குங்க அண்ணே."

அந்த மாதம் உப்பு வாங்கினார். அறுநூற்று இருபது ரூபாய். பன்னிரண்டாம் தேதி வங்கியிலிருந்து பில் வந்தது. அடுத்த மாதம் இரண்டாம் தேதி வரை அவகாசம் இருந்தது. அவர் அன்றைக்கே கட்டினார்.

"கட்டியாச்சா?" என்றார் அம்மா.

"கட்டியாச்சுங்க."

"சரி."

மூன்றாவது மாதம் மருதாசலம் கேட்டார். "புளியும் வாங்கட்டுமாங்க?"

"உப்பு."

ஆறு மாதம் உப்புதான். ஏழாவது மாதம் அம்மாவே புளி என்றார். அதன் பிறகு மிளகாய். வருடக் கடைசியில் அரிசி. பில் பதினைந்தாயிரத்தைத் தாண்டியதில்லை. தேதியும் தவறியதில்லை. அம்மா ஒரு நாளும் பில்லை வாங்கிப் பார்த்ததில்லை. கட்டியாச்சா என்று மட்டும் கேட்பார்.

ஒரு நாள் காலையில் மருதாசலத்தின் செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது. அவர் அதை நான்கு முறை படித்தார். பிறகு அம்மாவைத் தேடிப் போனார். அம்மா கொல்லையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வங்கியில வரம்பை மூணு லட்சமாக்கித் தர்றாங்களாம். ஒண்ணுன்னு எழுதி அனுப்புனாப் போதும்ங்கறாங்க."

"அப்படியா."

"அனுப்பட்டுமாங்க?"

"இப்ப என்ன தேவை?"

"ஒண்ணும் இல்லீங்க. இருந்துட்டுப் போகட்டுமேன்னு. ஒரு அவசரத்துக்கு ஆகும்."

அம்மா கீரைக் கட்டை ஓரமாக வைத்தார்.

"இன்னைக்கு யாத்திரைக்காரங்க யாரும் வரலை. நாம நாலு பேருதான். நீங்க சோறு ஆக்குங்க."

"சரிங்க."

"பெரிய அண்டாவுல ஆக்குங்க."

பெரிய அண்டாவில் இருநூறு பேருக்கு வடிக்கலாம். மருதாசலம் நின்று பார்த்தார். அம்மா மறுபடியும் கீரையை எடுத்துக்கொண்டார். மருதாசலம் அண்டாவை ஏற்றினார். அதைச் சூடாக்கவே அரை மணி நேரமும் பத்து விறகுக் கட்டையும் ஆயின. நாலு பேருக்கான அரிசி அடியில் ஒரு விரல் கனத்துக்குப் பரவிக் கிடந்தது. கிளறப் போனால் கரண்டி எட்டவில்லை. ஒரு பக்கம் தீய்ந்தது. ஒரு பக்கம் வேகவே இல்லை.

நாலு பேரும் அதைச் சாப்பிட்டார்கள். அம்மா மோர் மட்டும் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

அண்டாவைத் தேய்க்க மருதாசலத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. தேய்த்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தார். அந்தச் செய்தியை அழித்தார்.

மறு வருடம் கார்த்திகையில் ஒரு சேதி வந்தது.

நாலு மைல் மேற்கே இன்னொரு அன்னசாலை இருந்தது. நெடுஞ்சாலையை அகலப்படுத்துவதற்காக அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். இந்தத் தைப்பூசத்துக்கு அங்கே அடுப்பு எரியாது. அங்கே சாப்பிடுகிற கூட்டமும் இங்கேதான் வரும். மூன்று நாளில் ஒன்பதாயிரம் பேர் சாப்பிடுகிற இடத்தில் பதின்மூன்றாயிரம் பேர்.

அறங்காவலர் கூட்டம் நடந்தது.

ஆறுச்சாமி சொன்னார்: "கையில இருக்கறது ஒம்பதாயிரம் பேருக்குத்தான். ஒம்பதாயிரத்துக்கு மேல கதவைச் சாத்திரலாமுங்க. வேற வழியில்லை."

"நன்கொடை தர்றேன்னு சொன்னவங்க?" என்றார் அம்மா.

"மூணு லட்சத்து அறுபதாயிரத்துக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. ஆனா பூசம் முடிஞ்சு ஊருக்குப் போயித்தான் அனுப்புவாங்க. மளிகைக் கடைக்காரன் இந்தச் சமயத்துல கடன் தர மாட்டான். பணம், இல்லாட்டி அட்டை."

போன வருடம் மூன்றாம் நாள் மாலை குழம்பு தீர்ந்துபோய் நாற்பது பேர் வெறும் சோற்றோடு எழுந்து போனார்கள். அதில் ஒரு கிழவர் இலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த முகம் அங்கிருந்த எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு மருதாசலம் அம்மாவிடம் வந்தார்.

"அம்மா, இப்ப வரம்பைக் கூட்டிக் கேக்கலாமுங்களா?"

"கேக்கலாம்."

"எவ்வளவு கேக்கறதுங்க?"

அம்மா உள்ளே போய் வங்கி விண்ணப்பத்தை எடுத்து வந்தார். முன்பே வாங்கி வைத்திருந்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். முத்திரையும் வைத்தார். தொகை எழுத வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது.

"போயிட்டு வாங்க அண்ணே."

மருதாசலம் தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"தொகை எழுதலீங்களே."

"ஆமா."

"அம்மா, நான் யாருன்னு மறந்துட்டீங்களா?"

"மறக்கலை. வங்கி நாலு மணிக்கு மூடிருவாங்க."

அவர் அன்று வங்கிக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மாமரத்தடியில் உட்கார்ந்தார். இன்னும் நாலாயிரம் பேருக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆகும். அது தேவை. அதை எழுத அவருக்குக் கால் மணி நேரம்தான் ஆனது.

அடுத்த பக்கத்தில்தான் பேனா ஓடவில்லை. நன்கொடை மூன்று லட்சத்து அறுபதாயிரம் என்று முதல் வரியில் எழுதினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதை அடித்தார். ஒருத்தர்கூடத் தரவில்லை என்றால் பில்லை எதைக் கொண்டு கட்டுவது? அதை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்தார்.

அன்னசாலைக்குச் சொந்தமாக ஒரு தென்னந்தோப்பு இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை மாசி முதல் வாரம் குத்தகைப் பணம் வரும். ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். மருதாசலம் நம்பி எழுதவில்லை. பஸ் ஏறிக் குத்தகைக்காரரின் ஊருக்கே போனார்.

"மாசி மூணாம் தேதி பணம் வருமுங்களா?"

குத்தகைக்காரருக்குக் கோபம். "பதினோரு வருசமா ஒரு நாள் தவறியிருக்கேனா?"

"இல்லீங்க. இருந்தாலும் கேட்டுப் போகலாம்னு வந்தேன்."

"வருமுங்க. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். மாசி மாதச் சமையலுக்குப் பதினைந்தாயிரம் கழித்தார். ஒரு லட்சத்து இருபதாயிரம் நின்றது. தேவையும் அதுதான். கட்ட முடிந்ததும் அதுதான். இரண்டும் ஒன்றாக வந்ததில் அவருக்குச் சந்தேகம் வந்தது. மறுபடியும் முதலிலிருந்து கூட்டினார். அதே தொகைதான் வந்தது.

வங்கி மேலாளர் இளம்பெண். அன்னசாலையின் இரண்டு வருடக் கணக்கைத் திரையில் ஓட்டிப் பார்த்தார்.

"ஒரு மாசம்கூட நிலுவை இல்லை. பில் வந்த அன்னைக்கே கட்டியிருக்கீங்க. முதல் ஆறு மாசம் என்ன சார், அறுநூறு அறுநூறா?"

"உப்புங்க."

மேலாளர் சிரித்துவிட்டு விண்ணப்பத்தைத் திருப்பினார்.

"தொகை எழுதலையே. நாலு லட்சம்னு எழுதிக்குங்க. இந்தக் கணக்குக்கு நாலு வரைக்கும் நானே அனுமதிக்கலாம்."

மருதாசலத்தின் காது சூடானது. கரூரில் இப்படித்தான் சூடாகும். மைசூர்பா வாசனைகூட வந்ததுபோல் இருந்தது. பேனாவை எடுத்தார். கட்டத்தில் எழுதினார். எண்ணிலும் எழுத்திலும் எழுதினார்.

மேலாளர் வாங்கிப் பார்த்தார். "ஒண்ணு இருபதா? சார், நான் நாலுன்னு சொன்னேன்."

"கேட்டுச்சுங்க."

"சும்மா இருந்துட்டுப் போகட்டும். எடுத்தாத்தானே கடன்."

"எங்களால கட்ட முடியறது ஒண்ணு இருபதுதானுங்க."

மேலாளர் அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "இந்த நாற்காலியில உட்கார்ந்தவங்க எல்லாம் கூடக் கேட்டுத்தான் சண்டை போட்டிருக்காங்க. குறைச்சுக் கேட்டு நீங்கதான் சார் முதல் ஆளு." விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

மருதாசலம் பஸ்ஸுக்கு நிற்கவில்லை. ஒன்பது கிலோமீட்டர் நடந்தே வந்தார். அவர் அப்படிக் கையை வீசி நடந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. நேரே அம்மாவிடம் போனார்.

"ஒண்ணு இருபது போட்டேனுங்க. அவங்க நாலு தர்றேன்னாங்க."

"ம்."

"நான் நாலுன்னு எழுதியிருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?"

"நாலு லட்சத்துக்குக் கீழ என் கையெழுத்து இருந்திருக்கும்."

அம்மா அரிசி புடைக்கப் போய்விட்டார்.

தைப்பூசம் வந்தது. பச்சையும் காவியும் கட்டிய கூட்டம் சாலை நிறைய வந்தது. காவடிகள் வந்தன. முதல் நாள் நாலாயிரத்து எழுநூறு பேர் சாப்பிட்டார்கள். இரண்டாம் நாள் ஐயாயிரத்தைத் தாண்டியது. மருதாசலம் ஒவ்வொரு முறை அட்டையை நீட்டிய பிறகும் நோட்டில் எழுதினார். இரண்டாம் நாள் முடிவில் அட்டை வரம்பில் இருபத்திரண்டாயிரம் பாக்கி இருந்தது. மூன்றாம் நாளுக்கு வேண்டிய பருப்பும் காயும் அதில் வாங்குவதாகத் திட்டம். அரிசி இருந்தது.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு ஆறுச்சாமி வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"தேவகோட்டைப் பக்கத்துக் கூட்டம் வழியில மழையில மாட்டி ஒரு நாள் தங்கிருச்சாம். இன்னைக்கு வர்ற கூட்டத்தோட அவங்களும் வர்றாங்க. ரெண்டாயிரத்து ஐந்நூறு பேரு கூட. நம்ம அரிசியே பத்தாது."

அம்மா உலை வைத்துக்கொண்டிருந்தார். மருதாசலம் செல்போனை எடுத்து அட்டைக் கணக்கைப் பார்த்தார். பாக்கி இருபத்திரண்டாயிரம். அதற்குக் கீழே ஒரு பச்சைப் பட்டை மின்னியது. உங்கள் வரம்பை உடனே நான்கு லட்சமாக உயர்த்த இங்கே தொடவும்.

ஆறுச்சாமியும் எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்ன அதே ஆறுச்சாமி. இரண்டு நாளாகக் கூட்டத்துக்குப் பரிமாறியதில் அவருக்கும் கண் நிறைந்திருந்தது.

"தொடுங்க மருதாசலம். யோசிக்காதீங்க. மூணு லட்சத்து அறுபதாயிரம் எழுதிக் குடுத்திருக்காங்க. வராமலா போயிரும்?"

வராமலா போயிரும். அந்த வார்த்தையை மருதாசலத்துக்குத் தெரியும். கரூரில் ஆறு வருடம் அதைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். சீசன் வந்தா வராமலா போயிரும். தீபாவளிக்கு வராமலா போயிரும்.

விரல் பச்சைப் பட்டைக்கு மேலே நின்றது. வெளியே பந்திக்கு உட்கார்ந்தவர்களின் அரோகரா கேட்டது. குழந்தையைத் தோளில் சுமந்த ஒருத்தி வாசலில் நிழலுக்கு ஒதுங்கி நின்றாள்.

"அம்மா" என்றார் மருதாசலம்.

"நீங்க பாருங்க அண்ணே" என்றார் அம்மா. அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

மருதாசலம் செல்போனை அணைத்து ஆறுச்சாமியின் கையில் கொடுத்தார்.

"இதை நீங்க வெச்சிருங்க. வேன் சாவியைக் குடுங்க."

"எங்க போறீங்க?"

"சந்தைக்கு."

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் காலை ஏலம் முடிந்திருந்தது. விற்ற மூட்டைகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. விற்காதவை குவியலாகக் கிடந்தன. மருதாசலம் ஏலத் திண்டில் ஏறி நின்றார். கடை போன பிறகு அவர் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. கேட்கிற வாய் தனக்கு இல்லை என்று நினைத்திருந்தார். குரல் நடுங்கவில்லை.

"ஐயாமாரே. திலகவதி அம்மா அன்னசாலையிலிருந்து வந்திருக்கேன். எதிர்பார்த்ததுக்கு மேல ரெண்டாயிரத்து ஐந்நூறு பேரு சாப்பாட்டுக்கு வர்றாங்க. உங்ககிட்ட விக்காம மிஞ்சுனதைக் குடுங்க. இதைக் கடனாக் கேக்கலை. திருப்பித் தர மாட்டேன். இப்பவே சொல்லிர்றேன்."

ஒரு வியாபாரி சிரித்தார்.

"முப்பது வருசமா இந்தச் சந்தையில திருப்பித் தர்றேன்னு சொல்லி வாங்கிட்டுப் போனவனைத்தான் பார்த்திருக்கேன். தர மாட்டேன்னு சொல்லிக் கேட்டவனை இப்பத்தான் பாக்கறேன்." அவர் தன் பூசணிக் குவியலைக் காட்டினார். "எடுத்துக்க."

இன்னொருவர் முள்ளங்கி என்றார். இன்னொருவர் முட்டைக்கோஸ் என்றார். பெயர் சொல்லாமல் ஒருவர் இரண்டு மூட்டைச் சின்ன வெங்காயத்தை வேனில் ஏற்றிவிட்டுப் போனார். வேன் நிறைந்தது. சந்தைக்காரர்களே ஒரு மினி லாரியைப் பின்னால் அனுப்பினார்கள்.

திரும்பும் வழியில் மருதாசலம் மளிகைக் கடையில் நின்று அட்டையை நீட்டினார். பருப்பு வாங்கவில்லை. இருபத்தோராயிரத்து அறுநூறு ரூபாய்க்கு அரிசி மட்டும் வாங்கினார்.

அன்று அன்னசாலையில் சாம்பார் கிடையாது. பூசணியும் முள்ளங்கியும் வெங்காயமும் போட்டுப் புளிக்குழம்பு. முட்டைக்கோஸ் பொரியல். மோர். முதல் பந்தி பதினொரு மணிக்கு உட்கார்ந்தது. கடைசிப் பந்தி சூரியன் இறங்கும்போது எழுந்தது. நடந்து களைத்த ஒரு பெரியவர் குழம்பை மூன்றாம் முறை கேட்டு வாங்கினார். வாங்கிவிட்டு, "இதுல என்னங்க போட்டீங்க?" என்று விசாரித்தார். பரிமாறிய மருதாசலம், "மிஞ்சுனதெல்லாம் போட்டமுங்க" என்றார்.

இலைக் கட்டுகளை எண்ணினார்கள். நூறு இலை ஒரு கட்டு. மூன்று நாளில் நூற்று ஐம்பத்தேழு கட்டு தீர்ந்திருந்தது. வாசலில் காத்து நின்றவர் ஒருவர்கூட இல்லை. குழம்பு அரை அண்டா மிஞ்சியது. அதைப் பார்த்ததும் ஆறுச்சாமி அண்டாவைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார். கோயிலில் சுற்றுவதுபோல் சுற்றினார். பரிமாறியவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மருதாசலமும் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

பில் வந்தது. ஒரு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்து அறுநூறு. மாசி மூன்றாம் தேதி குத்தகைப் பணம் வந்து சேர்ந்தது. நாலாம் தேதி காலை மருதாசலம் முழுத் தொகையையும் கட்டினார். கெடுவுக்கு இன்னும் பதினாலு நாள் இருந்தது.

"கட்டியாச்சா?" என்றார் அம்மா.

"கட்டியாச்சுங்க."

அன்று அம்மா சரி என்று சொல்லவில்லை. ஒரு தம்ளர் பானகம் கரைத்து அவர் கையில் கொடுத்தார்.

நன்கொடைப் பட்டியலை ஆறுச்சாமி கொண்டு வந்தார். மூன்று லட்சத்து அறுபதாயிரத்தில் அன்று வரை வந்திருந்தது தொண்ணூற்று நாலாயிரம். அவர் அந்தத் தாளை மடித்தார். மறுபடி விரித்துப் பார்த்தார்.

"அன்னைக்கு அதைத் தொட்டிருந்தா" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

மருதாசலம் ரசீது எழுத உட்கார்ந்தார். பட்டியலில் முப்பத்தெட்டாவது பெயர், இலக்கியா, ஈரோடு. ஐந்நூறு ரூபாய். கோமதி வாரம் ஒருமுறை போனில் பேசுவாள். அவள் மகளிடம் சொல்லியிருக்க வேண்டும். மருதாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மற்ற ரசீதுகளை எழுதிய அதே நிதானத்தோடு அந்த ரசீதையும் எழுதினார். கையெழுத்துப் போடும்போது மட்டும் முழுப் பெயரையும் எழுதினார். எட்டு நாள் கழித்து ஈரோட்டிலிருந்து போன் வந்தது. "ரசீது வந்துச்சுப்பா" என்றது குரல். அதன் பிறகும் இருவரும் போனை வைக்கவில்லை.

பங்குனியில் ஒரு நாள் ஆறுச்சாமி தனியாக வந்தார். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி மருதாசலம் இலைக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு யோசனை கேக்கணும். ஆலைக்கு வங்கியில வரம்பைக் கூட்டித் தர்றாங்க. அஞ்சு லட்சம் இருந்தது, இருபதுங்கறாங்க. பையன் வாங்கலாம்ங்கறான். எனக்கு என்னமோ யோசனையா இருக்கு."

"யோசனையா இருக்கா?"

"பயமா இருக்குங்க. இதுக்கு முன்னால இப்படி இருந்ததில்லை."

அம்மா நறுக்குவதை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். பார்வையில் சந்தோஷம் இருந்தது.

"மருதாசலம் அண்ணன்கிட்டப் போங்க."

ஆறுச்சாமி திரும்பிப் பார்த்தார். ஒரு காலத்தில் அட்டை தனக்கு வேண்டாம் என்று சொன்ன மனிதர், இலைகளை நூறு நூறாக எண்ணிக்கொண்டிருந்தார்.

"அவர் சரியாச் சொல்லுவாருங்களா?"

"சொல்ல மாட்டார்" என்றார் அம்மா. "எவ்வளவு கட்ட முடியும்னு கேப்பார்."